வழவழப்பான பக்கம் எது, தேவகி?

என் ஆசை மச்சாள் தேவகிக்கு,

அழுது முடித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மிச்சமிருப்பது கோபம். நீ செத்து ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது என்பது ஒரு கோபம். எட்டு வருடமாக நீ எங்கே இருந்தாய் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அது அதைவிடப் பெரிய கோபம்.

போன கிழமை காத்தான்குடியிலிருந்து ஆயிஷா ராத்தா என்று ஒருவர் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மண்முனைத் துறையில் வள்ளம் ஏறி, இரண்டு சோதனைச்சாவடி தாண்டி, உன் பையைக் கொண்டுவந்திருந்தார். நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்றார். "நோர்வேயில இருந்து ஆர் உங்களுக்கு அறிவிச்ச?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நோர்வேயா? என்ன புள்ள செல்றீங்க? அவ எங்களோட நீர்கொழும்புப் பக்கம் ஒரு இறால் கம்பனியில எலுவா, கூட்டாளியா இருந்தா. ஐஸுக்குள்ள கைய வெச்சு இறால் உரிக்கிற வேல. வெளிநாட்டுக்கு அனுப்புறன் எண்டு கூட்டிப்போனவன் ஏமாத்திட்டுப் போன நாளையில இருந்து அங்கதான்."

ஐஸ். நம் இரண்டு பேருக்கும் அந்தச் சொல் எவ்வளவு பெரிய சங்கதி! உயர்தரத்துக்குப் புவியியல் படித்த நாட்களில், மீன் பெட்டியில் உமிக்குள்ளே கிடந்த ஐஸைத் தவிர வேறு ஐஸைக் கண்டிருக்கிறோமா? சண்டைக்குப் பயந்து ஊர் முழுவதும் ஓடி வந்து அமிர்தகழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாய்க் கிடந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே கொப்பி. நீ சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

"ஐஸ் ஓடுமாகா?" என்று கேட்டாய். ஓடாது, தன் பாரத்தாலேயே ஊர்ந்து வரும் என்று படித்தோம். வயிற்றுக்குள் கல்லைச் சுமந்துகொண்டு வந்து, அரம் போட்டதுபோல் மலையைத் தேய்க்கும். ஒடுங்கிய பள்ளத்தாக்கைத் தொட்டிபோல அகலமாக்கும். பிறகு அதற்குள் கடல் புகுந்துவிடும். நோர்வேயில் அப்படித்தான் என்றதும், "நம்மட வாவி மாதிரியா?" என்றாய். நம் வாவியில் இறங்கி நின்றே வீச்சுவலை வீசலாம், அங்கே கப்பல் போகும் என்றேன். ஐஸ் தூக்கிவந்து, சொந்தக்காரக் கல் ஒன்றுகூட இல்லாத இடத்தில் போட்டுவிட்டுப் போகிற கல்லுக்கு நம் குறிப்பில் 'இடம்பெயர்ந்த பாறை' என்று பெயர். "அதுக்கும் நிவாரணக் கூப்பன் குடுப்பாங்களாகா?" என்று நீ கேட்க, மண்டபத்தில் இருந்த சனம் முழுவதும் நம்மைத் திரும்பிப் பார்த்தது.

நீ நோர்வேக்கு என்று புறப்பட்ட அன்று கொப்பியை உனக்குத் தந்தேன். "ஐஸைக் கண்டால் எழுதுகா. கண்டபடி எழுது" என்றேன். நீ கண்டபடிதான் எழுதியிருக்கிறாய், மச்சாள்.

தபாலை உடைத்துப் பார்க்கிறார்கள் என்று ஓட்டமாவடி லொறிக்காரர் கையில் கடிதம் கொடுத்துவிடுவாய். நோர்வேயிலிருந்து கொழும்புக்கு ஆள் கொண்டுவருகிறது, அங்கிருந்து லொறி என்றாய். நானும் நம்பினேன். மாமாங்கத் திருவிழாவில் உன் கடிதத்தை வாசித்துக் காட்டிப் பெருமையடித்தேன். உன் குளிர்மேல் எனக்குப் பொறாமைகூட இருந்தது.

அதில் ஒரு கடிதத்தில் செம்மறிப் பாறையைப் பற்றி எழுதியிருந்தாய். ஐஸ் மேலே ஏறிப் போனதால், படுத்திருக்கிற செம்மறிபோல ஆகிவிட்ட பாறை. "ஐஸ் வந்த பக்கம் கரடுமுரடு, போன பக்கம் வழவழப்பு. கையால் தடவிப் பார்த்தேன்" என்றாய். எனக்கு மனப்பாடமாக இருந்ததும் அதுதான். அப்படியே படிப்பித்தேன்.

இந்தத் தவணை என் வகுப்பு வதனி அதை மாற்றி எழுதினாள். சிவப்பால் பிழை போட்டேன். அவள் எழுந்து, "டீச்சர், டவுனில இருந்து வந்த புதுப் புத்தகத்தில மறுவளமாக் கிடக்கு" என்றாள். "புத்தகம் பிழைக்கும். என்ட மச்சாள் அந்தப் பாறையில ஏறி நிண்டவ" என்றேன். பிள்ளை உட்கார்ந்தாள். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ராத்தா போன பிறகு பையைத் திறந்தேன். ஒரு துவாய், விரல் நுனி கிழிந்த றப்பர் கையுறை, நம் கொப்பி. உன் கடிதத்தைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வரிக்கு வரி அதே. பிழையும் அதே. வதனியின் புத்தகத்தை வாங்கி வாசித்தேன். வருகிற ஐஸ் தன் கல்லால் முன் பக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும். போகும்போது பின் பக்கத்தில் உறைந்து, ஒட்டிக்கொண்ட கல்லைப் பிய்த்துக்கொண்டு போகும். ஒரே ஒரு தரம் அந்தப் பாறையை நேரில் பார்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

ஏன் சொல்லவில்லை? வெட்கமா? நான் சிரிப்பேன் என்று நினைத்தாயா? லொறி ஏறி வந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருக்க மாட்டேனா? இங்கே செல் குண்டு விழுகிறபோதெல்லாம், நீயாவது தப்பினாய் என்று கும்பிட்டேனே. அந்தக் கும்பிடெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது?

"அந்தக் கொப்பியப் பாத்துப் பாத்துத்தான் எழுதுவா" என்றார் ராத்தா. "விரல் மரத்துப்போய்ப் பேனை நிக்காது. நாந்தான் தேத்தண்ணிக் கோப்பையில கைய வெச்சுச் சூடு காட்டுவன். மறுகா எழுதுவா." விரல் மரத்துப்போகிறது, நகம் வெளுத்துவிட்டது என்று எல்லாக் கடிதத்திலும் எழுதினாய். அது ஒன்றுதான் உண்மை. அதைத்தான் நான் ஓடி ஓடி வாசித்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். நாளை முதல் பாடத்தில் வதனியைக் கூப்பிட்டு, கரும்பலகையில் அந்தப் பாறையைக் கீறச் சொல்வேன். அவள் எழுதியதுதான் சரி, என் மச்சாள் அங்கே போகவே இல்லை என்று பிள்ளைகள் முன்னால் சொல்வேன். உன் பெயரைச் சொல்லிப் பிழை போட்டேன், உன் பெயரைச் சொல்லித்தான் திருத்த வேண்டும். ஊரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை மூடாமல் எழுதுகிறேன். இன்னும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இப்படி நோர்வேயில் இருக்கிறார்களோ.

கொப்பியை மட்டும் திருத்தமாட்டேன். அந்தப் பிழை என் கையெழுத்தில் இருக்கிறது, தேவகி. நீ அதை நம்பினாய், நான் உன்னை நம்பினேன். போகிற பக்கம்தான் பிய்ந்துபோகும் என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிற்று.

இன்னும் கோபம் ஆறாத
உன் மாமி மகள்,
சாந்தி