முதல் பாகத்தில் இருந்த தூசி

ஜூன் 11, செவ்வாய்
ஆமத்தூர் தங்கப்பாண்டியன் அண்ணாச்சி வீட்டில் பழைய சைவ சித்தாந்த நூல் ஒன்று வாங்கினேன். முதல் பாகம். தையல் பிரியவில்லை, ஒரு பூச்சி ஓட்டைகூட இல்லை. முதல் பக்கத்தில் அவர் தாத்தாவின் கையெழுத்து. "உள்ரூமுல கெடந்துச்சு, அங்கன பூச்சி அண்டாது" என்றார். இரண்டாம் பாகமும் அங்கேதானாம். கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 12
தூசி போக, வழக்கம்போலப் புத்தகத்தை மேசையில் தட்டினேன். சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று ஏதோ உதிர்ந்தது. என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலந்தவர். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தட்டாத! மருந்துடி அது." போய் அடுப்பை அணைத்தார்.
குடியிருக்குற வீட்டுக்குள்ளயா பட்டாசு செய்யுறாரு அந்தாளு?

ஜூன் 13
புத்தகம் துணி சுற்றிக் கொல்லையில் இருக்கிறது. அந்தப் பக்கமே போக முடியவில்லை.

ஜூன் 15
போலீசுக்குச் சொல்லலாமா? சொன்னால் அப்புறம் எவன் என்னை வீட்டுக்குள் விட்டுப் புத்தகம் காட்டுவான்? இரண்டாம் பாகமும் போய்விடும் — ஆமா, அதையும்தான் நினைச்சேன்.
கடைசியில் அண்ணாச்சியிடம் ஒரு பொய் சொன்னேன். மதுரையிலிருந்து பேராசிரியர் ஒருவர் வருகிறார், உள்ளறையைப் படம் எடுப்பார் என்று. அதற்குப் பயந்தாவது மருந்தை அப்புறப்படுத்துவார் இல்லையா? "என்னைக்கு வாராக?" அடுத்த சனிக்கிழமை என்றேன்.

ஜூன் 22, சனி
பேராசிரியருக்குக் காய்ச்சல் என்று சமாளித்தேன். உள்ளறையைக் கழுவி விட்டிருந்தார்கள். இரண்டாம் பாகம் மேசைமேல். அப்பாடா என்றிருந்தது. அங்கன இருந்த சாமானெல்லாம் எங்கே என்று சும்மாதான் கேட்டேன்.
"நம்மகிட்ட வேலை பாக்குற வேலுச்சாமி வீட்டுல போட்டாச்சு. ஒத்த ரூம்தான், சமாளிச்சுக்கிடுவான்."
புத்தகத்தை எடுக்காமலே ஓடினேன். வேலுச்சாமி சம்சாரம் வள்ளித்தாய் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். உள்ளே அடுப்பு எரிகிறது. பக்கத்திலேயே மூட்டைகள். "வாங்கக்கா, காப்பி போடட்டா?"
அடுப்ப அணைன்னு கத்திட்டேன். என் பொய்தானே அதைக் கொண்டுவந்து இங்கே வைத்தது? அவர்களை வெளியே இழுத்து நிறுத்திவிட்டு, தெருவில் நின்றே போலீசைக் கூப்பிட்டேன். பெயர் கேட்டார்கள். சொன்னேன்.

ஜூன் 23
வேலுச்சாமியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீடு அவன் வீடாம். தன் வீட்டில் எதுவுமே இருந்ததில்லை என்று அண்ணாச்சி சாதிக்கிறாராம். ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்.

ஜூன் 24
முதல் பாகத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். என்னிடம் வந்த தேதியைச் சொன்னேன். தாத்தா கையெழுத்தைக் காட்டினேன். முதுகுத் தையலுக்குள் இன்னும் தங்கியிருந்த மருந்தையும் காட்டினேன். புத்தகத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.
வாசலில் அண்ணாச்சியின் ஆள் ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஜூலை 6
ஆமத்தூர்ப் பக்கம் இருந்து யாரும் புத்தகம் பார்க்கக் கூப்பிடவில்லை. தெருவில் வண்டி நின்றாலே பதறுகிறது. போன் அடித்தால் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார்.
இன்று அடித்ததும் என்னிடம் நீட்டினார். வள்ளித்தாய். வேலுச்சாமியை நேற்றே விட்டுவிட்டார்களாம். "அக்கா, இப்ப அடுப்பப் பத்த வைக்கலாமுல்ல?" என்றாள்.