உள்ளே இருமிய ரேடியோ

ஜூன் 3

வாத்தியாரம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு நீ அனுப்பிய நிலப்படப் புத்தகம் வந்தது. கோபித்துக்கொண்டு போனாலும் பிள்ளைகளை மறக்கவில்லை, அதற்கே உனக்கு நன்றி.

ஆனால் ஒரு குறை. போன மாதம் எங்கள் தெருவில் தலை எண்ண வந்தவள் நீதானே? உன் கணக்கில் நூற்றுப் பன்னிரண்டு பேராம். அதை வைத்துத் தெருக்கிணற்று மோட்டாரை நாற்பது நிமிடம்தான் ஓட்ட வேண்டும் என்கிறது குடிநீர் அலுவலகம். மோட்டார் போடுகிறவள் நான். கடைசி வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் போவதற்குள் நிறுத்தினால், "உங்க வீட்டுக்கு நெறஞ்சிடுச்சாக்கும்!" என்று என்னைத்தான் வாயில் போட்டு மெல்கிறார்கள். எண்ணத் தெரியாதா உனக்கு?

அண்ணி

ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

எண்ணத் தெரியும். ஆனால் வீட்டார் சொல்வதைத்தான் எழுத வேண்டும். ஆள் கூடினால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்று தெருவே குறைத்துச் சொன்னது. நீங்களும்தான். "நாலு பேரு" என்றீர்கள். உள்ளே உங்கள் அப்பா இருமினார். "அது ரேடியோ" என்றீர்கள். உடனே அந்த ரேடியோ, "ஒரு வாய் தண்ணி குடும்மா" என்று கேட்டது.

மறுபடி ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, தப்பு என்மேல்தான். "அஞ்சு பேருக்கே தண்ணி பத்தல, ஆறாவதா இவ வேற" என்று அண்ணனிடம் நீங்கள் சொன்னது காதில் விழுந்துதானே நான் விடுதிக்கு வந்தேன்? அதே வாயால் நாலு என்றதும் ஆத்திரம் வந்துவிட்டது. அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டேன்.

திருத்தப் படிவங்கள் இத்துடன் இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு கையெழுத்து. யாராவது ஒருவர் முதலில் போட்டால்தான் மற்றவர்களும் போடுவார்கள். உங்களைப் போடச் சொல்லவும் பயமாக இருக்கிறது, வீடு போய்விட்டால்? நான் பரீட்சைக்குப் படித்த நாளெல்லாம் என் பங்குக் குடத்தையும் சேர்த்துச் சுமந்தவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை.

உங்கள் நாத்தனார்

ஜூன் 28

என் கண்ணுக்கு,

முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். வீட்டுக்காரரிடமும் நானே போய்ச் சொன்னேன். மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, "நானே ரெண்டு மச்சானை மறைச்சுட்டேன்மா" என்றார்! அப்புறம் தெருவே வரிசையில் நின்றது. நூற்று எண்பத்தாறு பேர், அம்மாடி!

பொறியாளர் வந்து பார்த்தார். மோட்டார் நேரத்தைக் கூட்டினால் கிணறு சேறு கக்குகிறது. இருப்பதை எல்லாம் உறிஞ்சினால் அடுத்த கோடைக்குச் சொட்டுகூட மிஞ்சாது என்றார். மொட்டைமாடி மழைநீரைக் கிணற்றில் இறக்கக் குழாய் தந்தார். வடிகட்டும் குழியைத் தெருக்காரர்களே வெட்டினோம். குறையும் தண்ணீருக்கு இப்போதைக்கு லாரி வருகிறது. நேற்றைய மழையில் கிணற்றில் இரண்டு படி மூழ்கியது. எட்டிப் பார்த்து அழுதுவிட்டேன். எல்லாம் உன் படிவத்தால் வந்தது, நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்று நான் சொன்னது காலிக்குடத்தைப் பார்த்த கடுப்பில் வந்த வார்த்தை. மன்னித்துவிடு.

நம் வீட்டுக்கு ஆறு பேர் என்று எழுதியிருக்கிறேன். ஆறாவது நீ. பத்தாம் தேதி சரிபார்க்க வருகிறார்களாம். அதற்குள் பெட்டியோடு வந்து சேர். அவர்கள் கேட்கும்போது உள்ளே இருந்து நீயே குரல் கொடு. ரேடியோ என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

உன் அண்ணி