ஊசி இல்லாத பாட்டில்

நல்லம்பள்ளி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சமரீனுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள வேண்டும். உன் வாட்ஸ்அப்புக்கு நான் பதில் போடவில்லை என்று தம்பி ஆமிரிடம் கோபித்துக்கொண்டாயாம். போனில் சொல்கிற விஷயமாக இல்லை, அதனால்தான் காகிதம்.

ஒன்றரை வருஷம் பிரசவம் பார்க்கும் படிப்பு படித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் போராடி ஒரு அறை வாங்கினேனே, சிக்கலில்லாத பிரசவங்களை நர்ஸே பார்க்கும் அறை, அதைப் பற்றித்தான். டாக்டர்களுக்கு நம்பிக்கை இல்லை, கூட இருக்கும் நர்ஸுகளுக்கு நான் மட்டும் பெரிய ஆளாகிவிட்டேன் என்ற கடுப்பு. இந்த மாதமும் ஒரு பிரசவம்கூட நடக்காவிட்டால் ஸ்டோர் ரூமாக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வத்தல்மலையிலிருந்து சோபனா என்று ஒரு பெண் வந்தாள், தலைப்பிரசவம், எல்லாம் நல்லபடியாக இருந்தது. நடக்கவிட்டேன், இடுப்பைப் பிடித்துவிட்டேன், கஞ்சி கொடுத்தேன். மாமியார் தீர்த்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பாட்டில்கூட ஏத்தாம வூட்ல நடக்கற மாதிரி நடக்க வுடறீங்களே, இதுக்கா பஸ் ஏறி வந்தோம், நாங்க பிரைவேட்டுக்கே போறோம்ங்க என்று கத்தினாள். குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம் என்று இத்தனை வருஷமாகப் பழக்கியதே நாங்கள்தான், யாரைக் குறை சொல்ல. எனக்கு அலுத்துவிட்டது சமரீன். ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டு, டியூபை மூடி, நுனியை அவள் கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டேன். ஊசியே இல்லை. அந்தம்மா சமாதானமாகி டீ குடிக்கப் போய்விட்டாள்.

அடுத்த டியூட்டிக்கு வந்த டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார். அந்த அறையில் டிரிப்ஸ் ஏற்றுவது கிடையாது, தேவைப்பட்டால் அது சிக்கலான கேஸ், உடனே லேபர் வார்டுக்கு மாற்ற வேண்டும், நானே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி. கேஸ் கைமீறிப் போற வரைக்கும் சொல்ல மாட்டீங்களா சிஸ்டர் என்றார். சும்மா மாட்டிய பாட்டில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோபனாவைத் தள்ளிக்கொண்டு போய் மல்லாக்கப் படுக்கவைத்து, வலியைக் கூட்ட மருந்து ஏற்றி, பிள்ளை வரும் வழியை அறுத்துத் தையல் போட்டார்கள். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, இருவரும் நலம். மறுநாள் பார்க்கப் போனேன். நல்லாத்தானுங்க நடந்துட்டு இருந்தேன், நான் என்ன தப்புப் பண்ணுனேன் என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

நாளைக்கு அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவிடமும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதோடு அறை போய்விடும், தெரியும்.

இரும்பு மாத்திரையை விடாதே, மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். நீ சிரமமில்லாமல் பெற்றெழ இறைவன் துணையிருப்பான். ஒன்றை மட்டும் மறக்காதே, அங்கே உனக்கு எதைச் செய்தாலும் எதற்கு என்று கேள். எந்த நர்ஸாவது பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தால், விடாதே, மறுபடியும் கேள்.

துஆவுடன்,
உன் அம்மா
ரஹமத் பீவி