பெர்கமோவுக்குக் கொண்டுபோன செவ்வந்தி

சிஞ்ஞோரா,

இன்று காலை அல்பெர்கேரியாப் பக்கத்துச் சந்தைக்குள் நுழைந்ததும் செவ்வந்தி மணம் மூக்கில் ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறந்தவர்களின் திருநாள் வருகிறதல்லவா, பலெர்மோவே பூவும் கையுமாகக் கல்லறைக்குப் போக ஆயத்தமாகிறது. "என்ன, தனியச் சிரிக்கிறியள்?" என்றாள் மனைவி. பெர்கமோ என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் உங்கள் வீட்டு வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. "சாக முதல் அப்பா பிறந்த ஊரைப் பாக்கோணும். முழங்கால் விடுகுதில்லை, நீரும் வாரும்" என்றீர்கள். உங்கள் இத்தாலியன் எனக்கு எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் நினைவில் இருக்கிறது, குறை நினைக்காதீர்கள். தெற்கே வந்து பலெர்மோப் பெண்ணைக் கட்டியதற்காக உங்கள் அப்பாவை அவருடைய அண்ணன், "இனி எனக்குத் தம்பி இல்லை" என்று தள்ளிவைத்துவிட்டாராம். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நம் தீவிலிருந்து ரயிலையே ஏற்றிப்போகும் கப்பலில் கடல் தாண்டி, வடக்கே அவ்வளவு தூரம் நீங்கள் போனது, அங்கே யாராவது உங்களைச் சொந்தம் என்று ஏற்பார்களா என்று அறியத்தான்.

வழியெல்லாம் வாய் ஓயாத நீங்கள், குன்றின் மேலிருந்த பழைய பெர்கமோவில் கால் வைத்ததும் ஊமையாகிவிட்டீர்கள். விசாரிக்க வெட்கம். எனக்கென்ன வெட்கம்? யாரைக் கண்டாலும் எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்று கேட்டு வளர்ந்த ஆள் நான். பாண் சுடும் கடையில் உங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னேன். கடைக்காரி வெளியே வந்து ஒரு பச்சைக் கதவைக் காட்டினாள். அண்ணன் காலமாகிவிட்டார், மகள் அங்கேதான் இருக்கிறார் என்றாள்.

சொந்தக்காரர் வீட்டுக்கு முதல்முதல் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? நீங்கள் கோப்பிக் கடையில் தலை வாரிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு கட்டு மஞ்சள் செவ்வந்தி வாங்கினேன். எங்களுக்கு அது கோயில் பூ, கலியாண வீட்டுப் பூ.

கதவைத் திறந்த அந்த மகள் நம் முகத்தைப் பார்க்கவில்லை, பூவைத்தான் பார்த்தார். "இது செத்த ஆக்களுக்குக் கொண்டு போற பூவெல்லோ! ஆர் செத்தது?"

நீங்கள் திரும்பி என் கையைப் பார்த்தீர்கள். அடுத்த கணமே, "உங்கடை அப்பாவின்ரை கல்லறைக்கு. நான் அவரின்ரை தம்பியின்ரை மகள்" என்றீர்கள். அப்படியொரு பொய்யை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அவர் உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்கோ, காட்டுறன்" என்று முன்னால் நடந்தார். கல்லறையில் நீங்கள் பூவை வைத்தபோது சொன்னார். "கடைசியிலை அப்பா தம்பியைத்தான் கேட்டவர். ஒருத்தரும் வரேல்லை. இப்ப நீ வந்திட்டாய்." இருவரும் கட்டிப்பிடித்து அழுதீர்கள். நானும்தான்.

திரும்பும் வழியில் எங்கள் ஊரில் அது மங்கலப் பூ என்று நான் விளக்க, கப்பல் வரும்வரை சிரித்தீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சாப்பாட்டு மேசையில் செவ்வந்திதான். வந்த விருந்தாளிகள் அதைக் கண்டதும், கெட்டது அண்டாமலிருக்க இரும்பைத் தேடித் தொடுவார்கள். உங்களுக்கு ஒரே குஷி. "இருக்கேக்கை செவ்வந்தி தாரும். செத்தாப் பிறகு ரோசாப்பூ கொண்டு வாரும். பாக்கிற சனம் குழம்பட்டும்."

நீங்கள் இல்லாமல் வரும் முதல் திருநாள் இது. உங்கள் குரல் இல்லாத அந்த வீட்டுப் பக்கம் போகவே எனக்கு மனமில்லை. நல்லவேளை, உங்கள் பெர்கமோ அக்கா நாளைக்கு ரயிலில் வருகிறார், எங்கள் வீட்டில்தான் தங்குகிறார்.

பூக்காரி கேட்காமலே செவ்வந்தியை நீட்டினாள். "கல்லறைக்கு ரோசா தாங்கோ" என்றேன். விழித்தாள். "செவ்வந்தியும் ஒரு கட்டு. அது வீட்டுக்கு, விருந்தாளி வாறா." கையிலிருந்த கத்தரிக்கோலை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நாளைக்கு வாசலில் அக்காவின் கையில் இந்தச் செவ்வந்தியைத்தான் கொடுப்பேன். ஆர் செத்தது என்று இந்த முறை அவர் கேட்கமாட்டார். சிரிப்பார் என்றுதான் நினைக்கிறேன்.