ஏயும் ஈயும் உள்ள இருபத்தைந்து சொற்கள்

உன் நோட்டின் அட்டையில் பழத்தோல் ஒட்டியிருந்தது. இன்று சாயங்காலம் டியூஷன் சென்டரைப் பெருக்கிவிட்டு வந்த அம்மை அதைச் சேலைத் தலைப்பில் பொதிந்து கொண்டுவந்தாள். "இது உனக்க கூட்டுகாரிக்க நோட்டுல்லா மக்கா? குப்பைக் கூடையில கிடந்து" என்றாள். தோலை உரித்தேன். அட்டை கொழகொழவென்று விரலில் ஒட்டியது. உள்தாள்களில் இன்னும் லேசாக மீன் வாடை. எனக்குக் குமட்டியது மீனை நினைத்து இல்லை, டியூஷன் சாரை நினைத்து.

அம்மை தூங்கிவிட்டாள். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். அவள் எழுந்து வந்தால் கணக்குப் போடுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

நீ இந்த நோட்டை எழுதிய வாரம் சார் கொடுத்த இங்கிலீஷ் எழுத்துகள் ஏ, ஈ. இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும், சொல்லுக்கு மொத்தம் ஐந்து எழுத்து, அப்படி இருபத்தைந்து சொல். நாங்கள் எல்லோரும் போனைப் பார்த்து எழுதினோம். உன் வீட்டுப் போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். அதனால் நீ ரோட்டைப் பார்த்து எழுதினாய். வாட்டர், அமரவிளையில் நின்ற தண்ணீர் லாரி. பிரெட், பேக்கரிக் கண்ணாடி. டேபிள், பாறசாலை பர்னிச்சர் கடை. ஓஷன், ஐஸ் கம்பெனிச் சுவர். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதைக் கண்ட இடத்தைத் தமிழில் குறித்து வைத்தாய். "இடம் எழுதலேன்னா மறந்துபோவேன் மக்கா. எனக்கு சொல்லு ஞாபகம் நிக்காது, சுவருதான் நிக்கும்" என்றாய்.

சார் உன்னை எங்கே உட்கார வைத்தார் என்பதை நான் மறக்கவில்லை. "ஜன்னல் பக்கம் இரி. காத்து வெளிய போகட்டு. மத்த பிள்ளைகளுக்கும் மூச்சு விடணும்லா?" என்று கைக்குட்டையை மூக்கில் வைத்தார். நீ எழுந்து நின்று, "நல்ல மீனு நாறாது சார். அழுகினாத்தான் நாறும்" என்றாய். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துக்கொண்டே என் பையை உன் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைத்தேன். நீ பார்த்தாய். பஸ்ஸில் வரும்போது, "எட்டி, பை நனைஞ்சு போச்சோ? மாத்தி வச்சியே" என்று மட்டும் கேட்டாய். ஆமாம் என்றேன். அந்த "ஆமாம்" இன்னும் என் வாயில் கெட்ட பால் மாதிரி இருக்கிறது.

உனக்கு இருபத்தைந்தாவது சொல் கிடைக்கவே இல்லை. சனிக்கிழமை உன்னோடு கரைக்கு வந்தேன். உங்கள் மீன்பிடி வள்ளத்தை அப்போதுதான் மணலில் ஏற்றி வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் பெயர்களைப் பாதி பாதியாக ஒட்டி வள்ளத்துக்குப் பெயர் வைப்பது உங்கள் கரையில் வழக்கம். உன் பெயரின் முன்பாதியும் உன் தங்கை பெயரின் பின்பாதியும் சேர்ந்து, நீலப் பலகையில் வெள்ளை இங்கிலீஷ் எழுத்தில் 'செல்னா' என்று இருந்தது. நீ விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணினாய். "ஏயும் உண்டு, ஈயும் உண்டு, அஞ்சும் சரி. பிறகு என்ன குறை?"

"இது சொல்லு இல்லையே, உங்க வள்ளமில்லா?"

"வள்ளமாக்கும். கடலுக்குப் போயிட்டு வருது. சாருக்க சொல்லு ஏதாவது இதுவரை கடலுக்குப் போயிருக்கா?"

இருபத்தைந்தாவதாக எழுதிய அந்த ஒன்றுக்கு மட்டும் நீ இடம் எழுதவில்லை. வீட்டுக்கு யாராவது முகவரி எழுதிப் படிப்பார்களா?

நான் வாசித்துப் பார்க்க வேண்டும் என்று நோட்டை வாங்கிக்கொண்டேன். அடுத்து வந்த மழையில் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை.

"நினைவா வைக்கணும், கொண்டா" என்று சார் உன் நோட்டைக் கேட்டார். நான் கொடுத்தேன். கொடுத்தது நான்தான். மறுவாரம் ஜங்ஷனில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் உன் படம், கீழே "அட்மிஷன் தொடருகிறது" என்று சாரின் போன் நம்பர். மூக்கைப் பொத்திய மனிதர் உன் முகத்தைத் தன் நம்பருக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துப்ப வருகிறது. உன் படம் இருப்பதால் விழுங்கிவிடுகிறேன்.

இப்போது உன் சொற்களைச் சார் தன் பெயரில் சின்னப் புத்தகமாக அச்சடித்துவிட்டார். நீ எழுதிய இடங்கள் எதுவும் அதில் இல்லை. வரிசை மட்டும் அப்படியே உன்னுடையது. கடைசியில் செல்னா. எதிரில் அர்த்தம்: "மெல்லிய ஒளி." தெரியாது என்று சொல்லத் தெரியாமல் சாரே உண்டாக்கிய அர்த்தம். நாற்பது பிள்ளைகள் ஒரு வாரமாக அதை மனப்பாடம் செய்கிறார்கள். செல்னா, மெல்லிய ஒளி. செல்னா, மெல்லிய ஒளி. காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

நாளை உனக்கு நினைவுக் கூட்டம், சாருக்குப் புத்தக வெளியீடு. முன்வரிசையில் உன் அம்மாவுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். இந்தச் சொற்களையெல்லாம் சார்தான் எங்களுக்குத் தேடித் தந்தார் என்று ஒரு தாளை நான் வாசிக்க வேண்டும். பிறகு ஏதாவது ஒரு சொல்லை நான் சொல்ல, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அர்த்தம் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றேன். "அப்ப உனக்க அம்மை நாளை முதல் இங்க பெருக்க வரண்டாம்" என்றார் சார். இதை அம்மையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. உன் நோட்டைக் கூடையிலிருந்து எடுத்தவள் அவள். காலையில் நடந்து போகும்போது சொல்லிவிடுவேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சாரின் தாளை நான் வாசிக்கப் போவதில்லை. ஒரே ஒரு சொல்லைச் சொல்வேன். நாற்பது பேரும் மெல்லிய ஒளி என்று கத்துவதற்கு முன்னால், உன் அம்மாவைப் பார்த்து நானே அர்த்தம் சொல்லிவிடுவேன். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, பாதி நீ, பாதி உன் தங்கை.

நோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். பழவாடை போய்விட்டது, மீன் வாடை போகவில்லை. அதை என் பைக்குள், சோற்றுப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.