வீடு கூட்டாத நாள்

9.1.2006
இவருக்குச் சேட்டுப் பொத்தான் பூட்ட அரை மணித்தியாலம். "கலியாணத்தண்டும் இவ்வளவு மினுக்கேல்லை, மாப்பிள்ளை" என்றேன். சிரித்தார். என் பெயர் மறந்தாலும் பகிடி விளங்குகிறது. மறதி நோய் வந்து இது மூன்றாம் வருடம். பராமரிப்பு இல்லத்தில் நிரந்தர இடம் கேட்டு மகள் கம்சாயினி விண்ணப்பம் எழுதினாள். நான் கையெழுத்து வைத்தேன், கோழி கிளறினமாதிரி.

24.1
நாளைக்கு, விண்ணப்பத்துக்கு முடிவு சொல்லும் பகுதி அலுவலகத்திலிருந்து எமிலி என்ற பிள்ளை இவரைப் பார்க்க வருகிறாள். யன்னல் சீலை தோய்த்தேன். குளியலறை நிலத்தை முழங்காலில் நின்று தேய்த்தேன். ரோல்ஸ் முப்பது பொரித்தேன். வீட்டுக்கு வாற ஆளை வெறும் வயிற்றோடு அனுப்பலாமோ?

25.1
இவருக்குச் சவரம் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுவிட்டேன். வாசலில் எமிலிக்குக் கை கொடுத்து, நோர்வே மொழியில் நலம் விசாரித்தார்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவள் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டாள். பிறகு கேட்டாள்: கை நீட்டுகிறவரா?
கம்சாயினி தமிழில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இவரும் பார்த்தார்.
"இல்லையெண்டு சொல்லு."
"அம்மா..."
"சொல்லடி."
சொன்னாள்.

14.2
கடிதம் வந்தது. இடம் இல்லை. வீடு ஒழுங்காக இருக்கிறதாம். சற்குணத்தின் மனைவி, அதாவது நான், நன்றாகச் சமாளிக்கிறாவாம். என்ர ரோல்ஸே எனக்கு எதிராய்ச் சாட்சி சொல்லிப்போட்டுது.

15.2
"ஆரம்மா உங்களைக் கூட்டித் துடைக்கச் சொன்னது?" கம்சாயினி கத்தினாள். மூன்று கிழமைக்குள் மறுத்து எழுதலாமாம். "உண்மையை எழுதட்டோ?"
கட்டின மனிசனை நானே காட்டிக் கொடுக்கிறதோ? சனம் அறிஞ்சால்?

27.2
குளிக்க வார்க்கும்போது ஷவர் பிடியால் அடித்தார். மணிக்கட்டு வீங்கிப் போச்சு.
நான் துப்புரவு செய்யும் பள்ளிக்கூடத்தில், வீட்டுப் படியில் விழுந்தேன் என்று சொன்னேன். கூட வேலை செய்யும் மரியரஞ்சனி வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "உங்கட வீடு கீழ்த்தட்டெல்லோ அக்கா. எந்தப் படி?"
வந்து கம்சாயினிக்கு ஒரு சொல்தான் சொன்னேன்: "எழுது."

20.3
எமிலி மறுபடி வந்தாள். கூட்டவில்லை. சவரம் எடுக்கவில்லை. குளியலறைக்குள் போட்டது போட்டபடி. தேத்தண்ணி மட்டும் கொடுத்தேன், அதையும் விட மனம் வரவில்லை.
அதே கேள்வி. சட்டைக் கையை மடித்துக் காட்டினேன் — பழசும் புதுசுமாய்க் காயங்கள். "ஓம் எண்டு சொல்லு. குளிக்க வார்க்கிற ஒவ்வொரு தரமும்."
இவர் எட்டி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.
"ஆர் உமக்கு அடிச்சது?"
கம்சாயினி அதை மொழிபெயர்க்கவில்லை. எமிலியும் கேட்கவில்லை.

3.4
இடம் கிடைத்திருக்கிறது. பகிடி ஒண்டும் வருகுதில்லை.

6.4
கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். மேசையில் பழக்கத்தில் இரண்டு கோப்பை வைத்துவிட்டேன்.

19.4
இல்லத்திலிருந்து தாதி ஒருத்தி போன் எடுத்தாள். எனக்கு விளங்கின மட்டில் — குளிக்க வார்க்கும்போது அவளுக்கும் அடித்துவிட்டாராம். பெரிய காயமில்லையாம். இந்த நோய்க்காரர் கனபேர் இப்படித்தானாம். இனி இரண்டு பேராய் நின்று வார்ப்பார்களாம். நான் நாலு தரம் மன்னிப்புக் கேட்டேன்.
போனை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.
அவளுக்கும் அடிச்சவரோ. என்னிலதான் இவருக்கு ஏதோ கோபமாக்கும் எண்டு, இவ்வளவு நாளும் நான்—