உன் கைக்குப் பொருந்திய துவக்கு

இன்று காலை எங்கள் கட்டடத்துப் பராமரிப்பாளர் வந்து என் கதவுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டார். இரண்டு வாரமாகச் சாவி திரும்ப மறுத்துக்கொண்டிருந்தது. அவர் போன பிறகும் அந்த மெல்லிய எண்ணெயின் வாசம் வாசலிலேயே நின்றது. தேநீர்க் கோப்பையோடு நானும் அங்கேயே நின்றுவிட்டேன். உன் சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் உன் கைத்துப்பாக்கியை, அந்தத் துவக்கை வைத்து, உன் மனைவி ரீற்றாவின் கிழிந்த சேலைத் துண்டால் நீ துடைப்பாயே, அப்போது வந்த வாசம் இதேதான்.

நீ போய் முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. நீ இருந்தபோது உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? மொன்றியலின் லாசாலில் பிளாஸ்டிக் மூடிகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நீ அச்சிலிருந்து எடுத்துத் தருவாய், நான் எண்ணிப் பெட்டியில் அடுக்குவேன். மதியம் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிடுவோம். இருவரும் திருகோணமலை. இருவரும் அகதி விண்ணப்பம் போட்டு வருடக்கணக்காகக் காத்திருந்து, பிறகு நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்கள். என் அறைக்கும் உன் வீட்டுக்கும் நடுவே நோத்ர-டாம்-த-கிரேஸின் இரண்டு தெருக்கள்தான்.

அப்படி ஒரு மதியத்தில்தான் உன் தம்பியைப் பற்றி எனக்குச் சொன்னாய். ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த நாளில் ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக உட்கார வைத்தார்களாம். முன்னால் நாற்காலியில் காட்டிக்கொடுக்கும் ஒருவன். தலையில் சாக்கு, கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். உன்னைப் பார்த்தபோது அந்தச் சாக்கு அசையவில்லை. உனக்குப் பின்னால் வந்த உன் தம்பியைப் பார்த்துத் தலையாட்டியது. அவனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவே இல்லை.

"முகம் தெரியாது மச்சான். ஆனா அந்தக் கண் எங்க கண்டாலும் எனக்குத் தெரியும்" என்றாய்.

பாணைப் பாதியில் சுற்றி வைத்தாய். அன்று அதை நான் துயரம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் வேலைக்கு வந்தவன் கையுறை போடாமல் நின்றாய்.  "கண்டிட்டன்" என்றாய். மெற்றோவில் எதிர் இருக்கையில் அந்தக் கண்ணோடு அவன் இருந்தானாம். அதன் பிறகு மூன்று தடவை அவனைப் பின்தொடர்ந்து போனாய். பாண் சுடும் வெதுப்பகம் ஒன்றில் வேலை செய்கிறான் என்றும், உன் வீட்டிலிருந்து கால்மணி நேர நடைதூரத்தில் இருக்கிறான் என்றும் கண்டுபிடித்தாய். மூன்றாவது தடவை அவன் திரும்பி உன்னை நேராகப் பார்த்தானாம்.

"அவனுக்கு என்னைத் தெரிஞ்சிட்டுது. நான் வாய் திறந்தா அவன்ர சீவியம் முடிஞ்சுது. திறக்க முதல் என்னை முடிக்கத்தான் பாப்பான்."

பொலிஸ் நிலையத்துக்கு உன்னை நான்தான் கூட்டிப்போனேன். எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும் என்பதால் அந்த நாட்களில் எல்லோருக்கும் நான்தான் வாய். இளம் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அவன் வெருட்டினானா? இல்லை. கதவைத் தட்டினானா? இல்லை. பெயர் தெரியுமா? தெரியாது. அன்று மைதானத்தில் முகத்தைக் கண்டாயா? நீ என்னைப் பார்த்தாய். "இல்லை" என்று நான் மொழிபெயர்த்தேன். அவர் பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் சொன்னாய்: "எனக்கு ஒரு துவக்கு வேணும்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அதற்குப் பதிலாக என்ன வழி என்று விசாரித்துவந்து உனக்குச் சொன்னேன். தற்காப்புக்கு என்று கேட்டால் இந்த நாட்டில் தரமாட்டார்கள். குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து பழகினால் அனுமதி கிடைக்கலாம். "காரணம் கேட்டா விளையாட்டு எண்டு சொல்லு, பயம் எண்டு சொல்லாத" என்று உனக்குப் படிப்பித்தவன் நான். அஹுன்ட்சிக்கில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்த கழகத்தில் சேர்ந்தாய். ஆறு மாதம் சனிக்கிழமை தவறாமல் போனாய், கழகத்துத் துப்பாக்கியால் பழகினாய். ஒருமுறை உன்னோடு நானும் வந்தேன். ஐந்து குண்டையும் நடு வட்டத்தில் போட்டாய். பக்கத்தில் நின்ற கியூபெக்காரர் இருவர் கைதட்டி உன் முதுகில் தட்டினார்கள். வெட்கப்பட்டுச் சிரித்தாய். மொன்றியலில் உன் முகத்தில் நான் கண்ட முழுச் சிரிப்பு அது ஒன்றுதான்.

அனுமதிக் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கடைக்குப் போனோம். தூண்டிலும் வேட்டைச் சப்பாத்தும் முன்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள் பின்னால். கடைக்காரர் நரைத்த மீசைக் கிழவர். பச்சைத் துணி ஒன்றை விரித்தார்.

"முதல் துப்பாக்கியா?" என்று என்னிடம் கேட்டார்.

ஓம் என்றேன்.

நீ முதலில் தொட்டது ஆகச் சிறியதை. உள்ளங்கைக்குள் மறைந்துபோகும் அது. கிழவர் தலையசைத்தார். சின்னத் துப்பாக்கி கையை உதைக்கும், பழக்கமில்லாதவன் சுட்டால் எதிலும் படாது, அதோடு இதைச் சட்டைப்பையில் கொண்டுதிரிய உனக்கு அனுமதியும் இல்லை என்றார். அடுத்துக் குண்டுகள் அடுக்கும் ரவைக்கூடு வைத்த பிஸ்டல். அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுக்கவேண்டும். நீ இழுத்தாய். பாதியில் வழுக்கியது. மறுபடி இழுத்தாய். வேறொரு தடவை இராணுவ முகாமில் முறித்த உன் பெருவிரல் ஒத்துழைக்கவில்லை. கிழவர் உன் கையைத் தன் கையில் எடுத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை. பிஸ்டலைத் திரும்ப வைத்துவிட்டு ரிவோல்வர் ஒன்றை எடுத்துத் தந்தார். பழையது. முன்பு வங்கிக் காவலாளி ஒருவர் வைத்திருந்தது. இழுக்க ஒன்றுமில்லை, நினைவில் வைக்க ஒன்றுமில்லை, விசையை அழுத்தினால் சுடும் என்றார். கனமாக இருப்பதால் கையில் அசையாது.

நீ பிடித்தாய். பொருந்தியது. எனக்கே தெரிந்தது.

"இது காணும், வேற வேண்டாம்" என்றாய்.

கிழவர் இரும்புப் பெட்டி ஒன்றையும் மேசையில் வைத்தார். "வீட்டில் பிள்ளை உண்டா?"

"ஒரு மகள். ஐந்து வயது."

"அப்படியென்றால் இது பெட்டிக்குள் பூட்டி இருக்கவேண்டும். ரவைகள் வேறு அறையில்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "உன் நண்பன் யாருக்காவது பயப்படுகிறானா?"

இதை உனக்கு நான் மொழிபெயர்க்கவே இல்லை. "இல்லை ஐயா, விளையாட்டுக்குத்தான்" என்று நானே பதில் சொல்லிவிட்டேன். என்ன கேட்டவர் என்று நீ கேட்டபோது, எண்ணெய் எப்போது போடவேண்டும் என்று சொன்னார் என்றேன்.

துவக்கு வந்தால் பயம் போகும் என்று இருவரும் நம்பினோம். முதல் மாதம் பெட்டிக்குள் இருந்தது. பிறகு பெட்டியிலிருந்து அலுமாரிக்குள், அலுமாரியிலிருந்து அரிசி வாளிக்குப் பின்னால், அங்கிருந்து வாசல் மேசையின் இழுப்பறைக்குள். ஒவ்வொரு தடவையும் கதவுக்குக் கிட்டக் கிட்ட வந்தது. நீ சனிக்கிழமைப் பயிற்சியை நிறுத்தினாய். யன்னல் திரையை மூடினாய். வீட்டுக்கு வருபவர்கள் மூன்று தடவை தட்டி, 'நாங்கள்தான்' என்று சத்தமாகச் சொல்லவேண்டும் என்று விதி வைத்தாய். நானும் அப்படித் தட்டித்தான் வந்தேன். சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் ரீற்றா உன் மகள் நிரோவைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றாள். இருவரும் மாதா கோயிலுக்குப் போன உடுப்போடு. பூசை முடிந்து வரும்போது பிள்ளை தானே கதவைத் திறக்கப்போவதாகச் சாவியைப் பறித்துக்கொண்டு படியேறி ஓடியிருக்கிறாள். தட்டவில்லை. விதியை மறந்துவிட்டாள்.

"அண்ணை, அவர் பிள்ளையின்ர நெத்திக்கு நேர பிடிச்சுக்கொண்டு நிண்டவர்." ரீற்றாவுக்கு மூச்சு வாங்கியது. "பிள்ளை அழேல்லை. அழுதிருந்தாலும் பறவாயில்லை. அப்பிடியே கையை மேல தூக்கிக்கொண்டு நிண்டவள்."

நிரோ என் கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உன்னிடம் ஓடிவந்தேன். மூன்று தடவை தட்டினேன். நீ தரையில் சுவரோடு சாய்ந்து இருந்தாய். துவக்கு மேசையில்.

"ரவை போடேல்லை மச்சான்" என்றாய். "சத்தியமாப் போடேல்லை."

"திறந்து காட்டு."

நீ திறந்தாய். ஆறு ரவையும் மேசையில் விழுந்து உருண்டன. அவற்றைப் பார்த்த உன் முகம் பொய் பிடிபட்டவன் முகம் இல்லை. போட்டது உனக்கே நினைவில்லை. அதைக் கண்டபோதுதான் எனக்கு உண்மையாகப் பயம் வந்தது.

"இதைத் திருப்பிக் குடுப்பம். நான் கூட வாறன்" என்றேன்.

"இதையும் குடுத்திட்டா என்னட்ட என்ன கிடக்கு?"

அந்த வாரமே ரீற்றா பிள்ளையோடு ரொறன்ரோவில் இருந்த தன் அக்காவிடம் போய்விட்டாள். பேருந்து நிலையத்துக்கு நான்தான் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். நீ வரவில்லை. மெற்றோவில் அவன் இருப்பான் என்றாய்.

பிறகுதான் நான் செய்யவேண்டியதைச் செய்தேன், காலம் கடந்து. அந்த வெதுப்பகத்துக்குப் போனேன். முழங்கை வரை மாவோடு வந்தான் அவன். மட்டக்களப்பு ஆள். உன் பெயரைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். அந்தச் சுற்றிவளைப்பு நடந்த வருடம் தான் ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்ததாகச் சொன்னான். நான் நம்பாதவன்போல் நின்றிருக்கவேண்டும். பணப்பையிலிருந்து மடங்கிப்போன ஜேர்மன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். ஆண்டு சரியாக இருந்தது. "ஏன் அண்ணை, எனக்கு என்னவும் பிரச்சினையோ?" என்று கேட்டுக்கொண்டே எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தான். இங்கே எல்லோரும் அப்படித்தான் இருந்தோம்.

ஓடிவந்து உனக்குச் சொன்னேன். விடுதலை கொண்டுவருகிறேன் என்ற நினைப்பு எனக்கு. நீ கேட்டுக்கொண்டிருந்தாய். முடித்த பிறகு எழுந்து யன்னல் திரையைச் சரிசெய்தாய்.

"சரி. அவன் இல்லை" என்றாய் கடைசியில். "அவன் இல்லையெண்டா வேற ஒருத்தன். அவனை நான் இன்னும் காணேல்லை. அவ்வளவுதான்."

 ஒரு பெயரும் முகவரியும் இருந்தவரை உன் பயத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அதையும் நான் எடுத்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் மூன்று நாள் நீ வேலைக்கு வரவில்லை. கட்டடக்காரர் கதவைத் திறந்தபோது உள்ளே மூன்று சங்கிலி. அறுத்துத்தான் போனோம். வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் நீ இருந்தாய், மடியில் போர்வையோடு. இதயம் என்றார் வைத்தியர். உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. துவக்கைத் தேடினோம். அது இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. ரவைகள் வேறு அறையில், கிழவர் சொன்னபடியே. அதை எப்போது உள்ளே வைத்தாய், ஏன் வைத்தாய் என்று எனக்குத் தெரியாது. பயம் தீர்ந்துதான் வைத்தாய் என்று நினைக்க ஆசைதான். ஆனால் அந்த வீட்டில் காப்பாற்ற இனி யாரும் இல்லை என்று முடிவெடுத்துத்தான் வைத்தாய் என்று நினைக்கிறேன். பொலிஸ்காரர் பற்றுச்சீட்டு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதை எடுத்துப் போனார். உன் வீட்டில் அது ஒருதடவையும் வெடிக்கவில்லை.

ரொறன்ரோவுக்குத் தொலைபேசியில் நான்தான் சொன்னேன்.   ரீற்றா ரிசீவரை எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்தது. வைத்துவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது சின்ன மூச்சுச் சத்தம் வந்தது.

"மாமா?" நிரோ. பிறகு பிரெஞ்சில் கேட்டாள், மொன்றியல் பள்ளியில் கதைத்த அதே வேகத்தில். அப்பாவின் துவக்கு இப்போது எங்கே என்று.

"பொலிஸ் கொண்டுபோட்டுது அம்மா. இனி அது இல்லை."

கொஞ்சம் யோசித்தாள். "அப்படியென்றால் நாங்கள் இனி வீட்டுக்கு வரலாம்" என்றாள். அவள் கேட்கவில்லை. சந்தோசமாகச் சொன்னாள்.

நான் "ஓம்" என்றேன்.

அந்த மாதக் கடைசியில் உன் வீட்டை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். நீ போனபோது உனக்கு இருந்த வயதைவிட நிரோவுக்கு இப்போது வயது கூட. ஒரு கலியாண வீட்டில் கண்டபோது, அன்று தொலைபேசியில் கதைத்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை மாமா என்றாள். நல்லது என்று சொன்னேன். எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சின்னக் குரலும், அதில் இருந்த சந்தோசமும் அப்படியே இருக்கின்றன. அவற்றை இறக்கிவைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.